கரண்ட் கணக்கு – 17: ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. கிணற்றுத் தண்ணீரை மோட்டார் இறைப்பதுபோல் அறைக்குள் இருக்கும் வெப்பத்தை இறைத்து வெளியே கொட்டுகிறது. அதையே திருப்பிப் போட்டுக் குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்குகிறார்கள். ஹீட் பம்ப் என்பது அதுதான். சென்ற வாரங்களைப் படித்தவர்களுக்கு இவ்வளவு நினைவூட்டினால் போதும். வெந்நீர் போடும் ஹீட் பம்ப்புக்கு இந்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஓர் எண் வழியை மறிக்கிறது. அந்த எண் 500.

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில், வாலாஜாபாத் பக்கம் இருக்கிறது ஐயம்பேட்டை. பட்டுத் தறி ஓடும் ஊர். அங்கே கான்கிரீட் தளம் போட்ட ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி பத்து மணிக்கும் அனலைக் கீழே இறக்கும். படுக்கை அறைக்கு ஒரு ஏசி வாங்கலாமா என்ற பேச்சு சித்திரை பிறந்தால் எழும். ‘கரண்ட் எவ்வளவு இழுக்கும்?’ என்று கேட்டால் கடைக்காரர் யூனிட்டில் பதில் சொல்வார். அந்த யூனிட்டுக்கு என்ன விலை என்பதைக் கடைக்காரரால் சொல்ல முடியாது. அதைத் தீர்மானிப்பது ஏசி அல்ல. ஏசி வருவதற்கு முன்பே அந்த வீடு எத்தனை யூனிட்டில் நிற்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இந்த வாரம் நான் சொல்ல வந்தது இது ஒன்றைத்தான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை வைத்தே கணக்குப் போடுகிறேன். 2025 ஜூலையில் வந்த உயர்வு வீடுகள்மேல் விழவில்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட் ரூ.2.35, 400 வரை ரூ.4.70, 500 வரை ரூ.6.30. ஆகமொத்தம் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் ரூ.1,805. இன்னும் ஒரே ஒரு யூனிட் கூடட்டும். 501-வது யூனிட்டின் விலை ரூ.8.40 என்று அட்டவணையில் இருக்கிறது. ஆனால் பில் ரூ.1,813.40 வராது, ரூ.2,048.40 வரும். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த ரூ.2.35 சலுகை கிடையாது, 101-லிருந்தே ரூ.4.70 என்று திரும்பக் கணக்குப் போடப்படுகிறது. பின்னால் போய்ப் பறிக்கப்படும் சலுகை ரூ.235, புது யூனிட்டின் விலை ரூ.8.40. ஒரு யூனிட்டுக்கு ரூ.243.40. ராத்திரி இரண்டு மணி நேரம் ஏசி ஓடினால் ஆகிற அந்த ஒரு யூனிட், இலவச 100-க்குப் பிறகு வருகிற அடுத்த 100 யூனிட்டின் மொத்த விலையைவிட அதிகம். முன்பு இது இன்னும் கொடுமையாக இருந்தது. 2022 செப்டம்பருக்கு முன் நிலைக்கட்டணமும் சேர்த்து 500 யூனிட்டுக்கு ரூ.1,130, 501-க்கு ரூ.1,786.60. அந்த ஒரு யூனிட் ரூ.656.60. பள்ளம் அப்போதைவிட ஆழம் குறைந்திருக்கிறது, ஆனால் தூர்ந்துவிடவில்லை.

இப்போது ஏசியை மாட்டுவோம். நம் ஐயம்பேட்டை வீட்டில் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி, மிக்ஸி எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 260 யூனிட் என்று வையுங்கள். பில் ரூ.517. ஒன்றரை டன் ஐந்து ஸ்டார் ஏசி மணிக்கு அரை யூனிட் எடுக்கிறது. ராத்திரிக்கு எட்டு மணி நேரம், 60 நாள். 240 யூனிட். மொத்தம் சரியாக 500. இந்த எண்களை விளிம்பில் வந்து நிற்கும்படி வேண்டுமென்றேதான் எடுத்தேன். விளிம்பு எப்படி வேலை செய்கிறது என்று அங்கிருந்துதான் தெரியும். பில் ரூ.1,805 ஆகிறது. அதை 500-ஆல் வகுத்து, ‘யூனிட்டுக்கு ரூ.3.61 தானே’ என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அந்த வகுத்தல் தவறு. இலவச 100 யூனிட் ஏசி வாங்காவிட்டாலும் அந்த வீட்டுக்கு உண்டு. மலிவான அடுத்த 100-ம் உண்டு. ஏசியால் கூடியது ரூ.1,288. அதை 240-ஆல் வகுத்தால் யூனிட் ரூ.5.37. ஏசியின் யூனிட் எப்போதும் மூட்டையின் மேல் ஏறும். அடியில் இருக்கும் மலிவுச் சரக்கு அதன் பங்குக்கு வராது.

அதே வீட்டில் விலை குறைவு என்று மூன்று ஸ்டார் ஏசி வாங்கியிருந்தால்? மணிக்கு 0.65 யூனிட். அதே எட்டு மணி, அதே 60 ராத்திரி: 312 யூனிட். மொத்தம் 572, பில் ரூ.2,644.80. கரண்ட் 30 சதவீதம்தான் கூடியது. ஏசிக்கான செலவு ரூ.1,288-லிருந்து ரூ.2,127.80-ஆக, 65 சதவீதம் கூடிவிட்டது. அந்த 72 யூனிட் வித்தியாசத்தின் விலை ரூ.839.80, யூனிட்டுக்கு ரூ.11.66. இரண்டு மாதத்தில் ஆயிரம் யூனிட்டுக்கு மேல் எரிக்கும் பங்களாவுக்கு விதிக்கப்படும் உச்சக் கட்டணமே ரூ.11.55 தான். ஐயம்பேட்டையின் நடுத்தர வீடு, அந்த விளிம்பில் தாண்டிய யூனிட்டுக்கு, பங்களாவைவிட அதிக விலை கொடுக்கிறது. இந்த வாரம் என்னை உட்காரவிடாமல் செய்த எண் இந்த ரூ.11.66.

‘பணக்காரர் வீட்டுக்குத்தான் ஐந்து ஸ்டார், நமக்கு மூன்று போதும்’ என்ற பேச்சு இந்தக் கணக்கில் தலைகீழாகிறது. ஸ்டாரின் பலன் அதிகம் கிடைப்பது 500-ஐ ஒட்டி நிற்கும் வீட்டுக்குத்தான். ஏற்கெனவே மூன்று ஸ்டார் மாட்டியாயிற்று என்றால் வேறு இடத்தில் 72 யூனிட் தேடலாம். பழைய 75 வாட் சீலிங் ஃபேனைக் கழற்றி 35 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால், நாளுக்கு 15 மணி நேரம் ஓடுகிற ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட் மிச்சம். இரண்டு ஃபேன், 72 யூனிட்.

ஸ்டாருக்கு அடுத்து டன். ‘டன்’ என்று கடையில் கேட்கிறோமே, அது ஏசியின் எடையுமல்ல, கரண்டுமல்ல. ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்ளுமோ அவ்வளவு வெப்பத்தை இறைக்கும் திறன்தான் ஒரு டன். ஏசி இல்லாத காலத்தில் குளிர்ச்சியை நிஜமாகவே டன் கணக்கில் கப்பலேற்றினார்கள். பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி சென்னைக் கடற்கரையில் இறங்கியது. டியூடர் கம்பெனி 1842-ல் அதற்கென்று கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். பத்துக்குப் பத்து அறைக்கு ஒன்றரை டன் வேண்டுமா என்று யோசிப்பவர்கள், 1,360 கிலோ பனிக்கட்டியை ஒரு நாளில் அந்த அறைக்குள் உருக்குவதாக நினைத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் ஒரு டன் போதும்.

மாதம் ஒருமுறை ரீடிங் எடுத்தால் 500-ஐத் தாண்டும் இந்தத் தொல்லையே இருக்காது என்று ஒரு மறுப்பு வரும். 100 இலவசம், 500 எல்லை எல்லாவற்றையும் அப்படியே மாதத்துக்குக் கொடுத்தால் பில் நிச்சயம் குறையும். அளவுகளைப் பாதியாக்கி மாதக் கணக்கு எடுத்தால் கட்டாயம் குறையும் என்று சொல்ல முடியாது. ஏப்ரலில் 200, மே மாதம் கத்திரி வெயிலில் 300 ஓடியது என்று வையுங்கள். சேர்த்துப் பார்த்தால் 500, ரூ.1,805. பாதியளவில் தனித்தனியே போட்டால் ஏப்ரலுக்கு ரூ.587.50, மேக்கு ரூ.1,440, ரூ.222.50 அதிகம். ஆகவே மாதக் கணக்கைக் கேட்பவர்கள், எந்த அளவோடு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இப்போதுள்ள முறையிலும் இதே தன்மை இருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் ரீடிங் எடுக்கும் தெருவுக்கு ஏப்ரலும் மேயும் ஒரே பில்லில் விழும். மே தொடக்கத்தில் எடுக்கும் தெருவுக்கு அந்த வெப்பம் இரண்டு பில்லாகப் பிரிந்துவிடும். ஒரே ஏசி, ஒரே பயன்பாடு, இரண்டு செலவு.

நெசவாளர்களுக்குத்தான் இலவச மின்சாரம் இருக்கிறதே என்பது இன்னொரு மறுப்பு. இருக்கிறது. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்தது 2023 மார்ச் 1 முதல் 300 ஆயிற்று. ஆனால் அது தொழிலுக்குக் கொடுத்தது. குழித்தறியைக் கையும் காலும் ஓட்டுகின்றன. கரண்ட் வேண்டியது இழை தெரிவதற்கான விளக்குக்கும், குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர்மேல் காற்றுப்பட ஓடும் ஃபேனுக்கும். அவை பகல் முழுக்க ஓடுகின்றன. அதே கூரையின் கீழ் ராத்திரி ஓடும் ஏசியின் 240 யூனிட், அந்தச் சலுகைக்கு மேல் வந்துதான் உட்காரும்.

500-க்கு மேல் போகிறவர் வசதியானவர், அவருக்கு எதற்குச் சலுகை என்பது நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பள்ளம் வசதியானவரைப் பிடிப்பதில்லை. 1,500 யூனிட் எரிப்பவருக்கும் 501 எரிப்பவருக்கும் பறிபோவது அதே ரூ.235. முன்னவருக்கு அது பில்லில் ஒரு மூலை. பின்னவருக்கு பில்லில் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல். வசதிக்கேற்பக் கட்டணம் வேண்டுமென்றால் மேல் அடுக்குகளில் பைசாவைக் கூட்டட்டும். 101 முதல் 200 வரையிலான ரூ.2.35 எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் மானியம் கொடுக்கும் அரசும் அடுத்த முறை கட்டணத்தைத் திருத்தும்போது முதலில் தூர்க்க வேண்டிய பள்ளம் இது.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மீட்டரில் சிவப்பாக ஒரு சிறு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருக்கிறதா பாருங்கள். ஏசி ஓடி அறை குளிர்ந்த பிறகு, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 3200 மீட்டரில் 27 மினுக்கு என்றால் மணிக்கு அரை யூனிட். 35 என்றால் 0.65. ஸ்டார் ஸ்டிக்கரில் இருக்கும் எண் பல வெப்பநிலைகளின் சராசரி. மே மாத ராத்திரியில் உங்கள் வீட்டுத் தளத்தின் கீழ் எவ்வளவு என்பதை இந்த விளக்குதான் சொல்லும். போன ஆண்டு ஏப்ரல், மே ரீடிங் ஈபி அட்டையில் இருக்கும். அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரை அடுத்த வாரம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.