பஸ்ராவின் பேரறிஞரும் பகா எண்களும்

நெய்வேலி நகரியத்தில் ஒரு வீட்டைத் தேடிச் செல்பவர் முதலில் வட்டத்தின் எண்ணைத்தான் கேட்டறிய வேண்டும். நம் பிள்ளைகள் பேசப் பழகும்போதே இவ்வெண்களையும் பழகிவிடுகின்றனர். அவற்றுள் 12ஐ மும்மூன்றாகவோ நந்நான்காகவோ பிரித்துவிடலாம். 13ஐ அவ்வாறு பிரிக்க இயலாது. ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் இத்தகைய எண்ணே பகா எண்.

“மதரஸாவில் ஓதும் பிள்ளைக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?” என்று வினவும் பெற்றோர் உளர். அவர்களுக்கு இப்னுல் ஹைஸமை நினைவூட்டலாம். கி.பி. 965இல் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த அவரை ஒளியியலின் ஆசானாகவே பலரும் அறிவர். எண்களிலும் அவர் ஆழ்ந்து சிந்தித்தார். 2, 3, 4, 5, 6 ஆகிய எதனால் வகுத்தாலும் 1 மீதியாக வேண்டும். 7ஆல் வகுத்தால் மீதியே இருத்தலாகாது. அத்தகைய எண் எது என்பது அவர் ஆராய்ந்த வினா.

அவர் காட்டிய வழிகளுள் ஒன்று மிக எளியது. 1 முதல் 6 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் 720. ஒன்றைக் கூட்டினால் 721. அது 7ஆல் வகுபடும், ஈவு 103. எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் இவ்வாறே நிகழும். பகா எண் அல்லாத 6ஐ எடுத்தால், 120உடன் ஒன்றைக் கூட்டி வரும் 121, 6ஆல் வகுபடுவதில்லை. இவ்விதி ஐரோப்பாவில் 1770இல்தான் அச்சேறியது. வில்சன் என்னும் ஆங்கிலேயர் பெயரால் இன்று வழங்குகிறது.

எனினும் 100 இலக்கங்கள் கொண்ட எண்ணுக்கு இவ்வழி உதவாது. அத்தனை எண்களையும் பெருக்க ஆயுள் போதாது. கணிப்பொறிக்கும் அது இயலாது. ஆனால் வங்கிச் செய்திகளை மறைத்து அனுப்பும் முறைகள் சிலவற்றுக்கு அதனினும் பெரிய பகா எண்கள் தேவைப்படுகின்றன. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. அந்தத் தனி அமைப்பு இருப்பதாலேயே அதற்கெனத் தனிச் சோதனையும் உண்டு. எந்த எண்ணாயினும், ஐயத்திற்கு இடமின்றி, நியாயமான காலத்தில் சோதிக்க ஒரு பொதுவழி உண்டா என்பதே நெடுங்காலம் நின்ற கேள்வி.

அதற்கு விடை கான்பூரிலிருந்து வந்தது. 2002 ஆகஸ்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும் அவ்வழியை வெளியிட்டனர். மாணவர் இருவரும் அவ்வாண்டுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்தனர்! நடைமுறையில் வேறு விரைவான சோதனைகளே பயன்படுகின்றன. ஆயினும், அத்தகைய வழி உண்டென்பதை ஐயமற நிறுவியவர்கள் இவர்களே. 2006இல் இவர்களுக்குக் கோடல் பரிசு வழங்கப்பட்டது.

பஸ்ராவின் அறிஞர் அறிவை மார்க்கம், உலகம் என்று இரு கூறாக்கி ஒன்றைத் தள்ளிவிடவில்லை. நாம் மட்டும் ஏன் தள்ள வேண்டும்? “உனக்குக் கணக்கு வராது” என்று பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்மக்களை, ஒதுக்கிவிடாதீர்கள். இப்னுல் ஹைஸமின் புதிரை இன்றிரவே அவர்களிடம் கேளுங்கள். 721ஐவிடச் சிறிய விடையும் ஒன்று உண்டு. அதை அவர்களே கண்டு சொல்லட்டும்.