ஆறு சூடேறும்போது சல்மனின் இதயம்

ஷெல் கூவும் சத்தம் கேட்டு பங்கருக்குள் ஓடியவர்களுக்கு அதிரனலின் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. நெஞ்சு படபடக்கும், கால்கள் தாமாக ஓடும். அதே ஓமோன்தான் மீனின் இதயத்தையும் இயக்குகிறது.

கனடாவின் பிரேசர் ஆற்றில் கோடைதோறும் சொக்காய் சல்மன்கள் கடலிலிருந்து மேல்நோக்கி நீந்துகின்றன. தாம் பிறந்த இடத்தில் முட்டையிட வேண்டும். ஆற்றுக்குள் வந்தபின் அவை இரை எடுப்பதில்லை. இந்த ஆற்றின் கோடைகால உச்ச வெப்பநிலை 1950களுக்குப் பின்னர் ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் உயர்ந்துள்ளது. சூடான ஆண்டுகளில் பெருந்தொகை மீன்கள் வழியிலேயே இறந்துவிடுகின்றன.

காரணத்தின் ஒரு பகுதி இதயத்தின் அமைப்பில் இருக்கிறது. மீனின் உடலைச் சுற்றி வரும் இரத்தம் முதலில் இதயத்துக்கே வருகிறது. அதன் பிறகுதான் பூவுக்குப் போய் ஒட்சிசனைப் பெறுகிறது. சல்மனின் இதயத்தில் வெளிப்படைக்கு மட்டும் தனி இரத்தக்குழாய் உண்டு. பஞ்சு போன்ற உட்படைக்குக் கிடைப்பது மற்றத் தசைகள் எடுத்தது போக மிஞ்சிய ஒட்சிசன். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும்போது அந்த மிச்சமும் குறையும். இரத்தத்தில் அமிலம் கூடும். நீர் சூடென்றால் இதயம் இன்னும் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கும்.

இந்த நெருக்கடியில் கைகொடுப்பது அதிரனலின். இதயத் தசைக் கலங்களின் மேற்பரப்பில் பீற்றா வாங்கிகள் எனும் புரதங்கள் இருக்கின்றன. ஓமோன் அவற்றில் பொருந்தியதும் கல்சியம் கூடுதலாகக் கலத்துக்குள் நுழைகிறது, துடிப்பு வலுக்கிறது. பிறஷருக்கு அற்றெனலோல் குளிசை எடுப்பவர்களின் இதயத்தில் அந்தக் குளிசை மறிப்பதும் இவ்வகை வாங்கியைத்தான். இத்தகைய மருந்துகளுக்கு வழிதிறந்த ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

வாங்கிகளின் எண்ணிக்கை எல்லா மீன்களிலும் ஒன்றல்ல. 2011இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று பிரேசர் ஆற்றின் வெவ்வேறு சொக்காய்க் கூட்டங்களை ஒப்பிட்டது. 600 கிலோமீற்றருக்கு மேல் நீந்தி, கடல்மட்டத்திலிருந்து 1,100 மீற்றருக்கும் உயரே உள்ள ஏரிக்குப் போகும் சில்கோ மீன்களின் இதயவறையில் நெச்சாகோ மீன்களைவிட வாங்கிகள் அடர்த்தியாக இருந்தன. சில்கோ மீன்கள் சூட்டையும் கூடுதலாகத் தாங்கின. ஒரே ஆறு, ஒரே இனம். ஆனாலும் சூடு எல்லோரையும் ஒரேமாதிரித் தாக்குவதில்லை.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. ஆங்கிலேயர் நமது மலைநாட்டு ஓடைகளிலும் கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரவுட் சல்மனின் உறவுக்கார மீன். அதனைச் சூடான நீரில் பழக்கினால் இதயத்திலுள்ள வாங்கிகள் குறைகின்றன. உதவி அதிகம் தேவைப்படும் நேரத்தில் அந்த உதவியைப் பெறும் கதவுகள் குறைந்துவிடுகின்றன.

ஆற்றின் மேற்பகுதியில் வாழும் பூர்வகுடி மக்கள் குளிர்காலத்துக்கு உலர்த்தி வைப்பது இந்த மீனைத்தான். எனவே எத்தனை மீன் பிடிக்கலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரிகள் கடலிலிருந்து வரும் தொகையை மட்டும் பார்ப்பதில்லை. ஆற்றின் வெப்பநிலையைப் பார்த்து, வழியில் சாகக்கூடியவற்றையும் முன்கூட்டியே கழித்துக்கொள்கிறார்கள்.