தோட்டக்காரர் கேட்ட ஓராண்டு



மாரி மழையை நம்பி மன்னார்த் தீவின் மணல் வளவுகளில் கத்தரியும் மிளகாயும் வெண்டியும் நடுகின்ற குடும்பங்கள் பல. சில வாரங்களில் இலைகள் சுருள்கின்றன. காய்களில் துளைகள் தோன்றுகின்றன. வேலியில் சிறு இடைவெளி இருந்தாலும் போதும், தெருவில் அலையும் கழுதைகளும் ஆடுகளும் ஒரே இரவில் பாத்தியை வெறுமையாக்கிவிடும். கோடை முற்றினாலோ கிணற்று நீர் உவர்க்கத் தொடங்கும். பாடுபட்டும் பலனில்லையே என்று உள்ளம் சோர்வது இயல்பே.

இதனை அற்ப இழப்பு என்று எவரும் கூறிவிட முடியாது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டதையும், 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது அரச ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்யவென்றே வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கப்பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை. அந்நாள்களில் முற்றத்துக் கத்தரிச்செடி பல இல்லங்களின் பசியாற்றியது.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு கூறும் அத்திமர உவமையை நினைவிற் கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளாகக் கனி கொடாத மரத்தை வெட்டிவிடுமாறு உரிமையாளர் பணிக்கிறார். தோட்டக்காரரோ ஓராண்டு தவணை கேட்கிறார். வெறுமனே காத்திருப்பதற்காக அவர் அதைக் கேட்கவில்லை. மரத்தைச் சுற்றிக் கொத்தி எருப்போடுவதாக உறுதியளிக்கிறார். அவருடைய பொறுமைக்குக் கைகள் இருந்தன.

அந்தக் கைகள் நம் தோட்டத்தில் செய்ய வேண்டியவை யாவை? முதலாவது, கூர்ந்து நோக்குதல். காலைதோறும் இலைகளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கத்தரியின் நுனித்தண்டு வாடித் தொங்கினால் புழு உள்ளே இருக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அதனை எளிதில் எட்டாது. வாடிய நுனியை வெட்டி எரித்துவிடுங்கள்; செடி மீண்டும் தளிர்க்கும். வெண்டியின் இலை நரம்புகள் மஞ்சளித்துப் போனால் அந்நோய்க்கு மருந்தில்லை. மற்றச் செடிகளைக் காக்க, அச்செடியைத் தாமதியாமல் பிடுங்கிவிட வேண்டும்.

சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு, 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளிக்கலாம். மணல் நிலத்தில் நீர் நில்லாது ஓடிவிடுவதால், மாட்டெருவும் மக்கிய குப்பையும் இட்டு, செடியின் அடியில் சருகு பரப்புங்கள்.

2008இல் இலங்கையின் பப்பாசி மரங்களை, மாப்பூசியதுபோல் வெண்மையாகப் படியும் ஒரு பூச்சி தாக்கியது. தெளித்த மருந்துகளால் அதனை ஒடுக்க இயலவில்லை. 2009இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட மிகச் சிறிய குளவியொன்று, அப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை அடக்கியது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அச்சிற்றுயிரே மரங்களைக் காத்தது. கண்டபடி நஞ்சு தெளிப்போர் பகைவரோடு இத்தகைய நண்பர்களையும் அழித்துவிடுகின்றனர்.

குடும்ப வாழ்விலும் இவ்வாறே. பரீட்சையில் தவறிய பிள்ளையையும், குடியிலிருந்து மீள முடியாது தவிக்கும் சகோதரனையும் எத்துணை விரைவில் நாம் பயனற்ற மரம் என்று தீர்ப்பிட்டுவிடுகிறோம்! புழு குடைந்த நுனியை வெட்டுவதும் செடியையே வேரோடு எறிவதும் ஒன்றல்லவே. சினம் தெளிக்கும் நஞ்சு, அவர்களுள் எஞ்சியிருக்கும் நன்மையையும் கொன்றுவிடும்.

அந்த அத்திமரம் மறு ஆண்டு கனி கொடுத்ததா? உவமையில் விடை இல்லை. விளைவு இறைவனுடையது, இவ்வாண்டின் கொத்துதலும் எருவிடுதலும் நம்முடையவை. உங்கள் இல்லத்தில் அந்த ஓராண்டுக்காகக் காத்திருப்பவர் யார்? அவருக்காக இன்று செபியுங்கள். செபித்தபின் மண்வெட்டியையும் கையில் எடுங்கள்.