வலி சொல்லும் செய்தி

எங்கள் திண்டிவனத்தில் பழைய ஓட்டு வீடுகளில் வாழ்ந்தோர் கரையானின் இயல்பை அறிவர். உத்தரத்தின் உள்ளே அரித்துவிடும், வெளித்தோற்றம் மாறாது. பாரம் ஏறும்போதுதான் மரம் முனகும். முதுகெலும்பிற் புற்றுநோய் பரவும்போது நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே.

மார்பகம், நுரையீரல் முதலிய உறுப்புகளில் தோன்றிய புற்று, குருதி வழியே முள்ளெலும்புகளை அடைவதுண்டு. அவை நொறுங்கினாலோ, இடம் பெயர்ந்தாலோ, தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலற்றுப் போகலாம். ஆகவே, 'இவ்வெலும்பு உடலைத் தாங்குமா?' என்று மருத்துவர் ஆராய்தல் வேண்டும்.

இதற்கெனப் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2010-ஆம் ஆண்டில் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. அதில் ஆறு கூறுகள் உள. புற்று அமைந்த இடத்துக்கு 3 வரை, வலிக்கு 3, எலும்பு அரிக்கப்பட்ட தன்மைக்கு 2, முதுகெலும்பின் வரிசை பிறழ்ந்தமைக்கு 4, நொறுங்கிய அளவுக்கு 3, பின்புற மூட்டுகளின் சேதத்துக்கு 3. ஆக மொத்தம் 18. கூட்டுத்தொகை 6 வரை இருப்பின் எலும்பு உறுதியானது. 7 முதல் 12 வரை ஐயத்துக்குரியது. 13-உம் அதற்கு மேலும் உறுதியற்றது. 7-ஐ எட்டினாலே அறுவை வல்லுநரின் கருத்தைக் கேட்டல் வேண்டும்.

இவற்றுள் ஐந்தைப் படங்கள் காட்டிவிடும். வலி ஒன்றையே நோயாளி வாய்திறந்து சொல்ல வேண்டும். எழுந்தால், நடந்தால் மிகுந்து, படுத்தால் தணியும் வலி, எலும்பு பாரம் தாங்கவில்லை என்பதன் அறிகுறி. அதற்கே 3 மதிப்பெண். கதிர்வீச்சு புற்றைச் சுருக்கும். ஆயினும் சாய்ந்த எலும்பை நிமிர்த்தி நிறுத்தாது. அதற்குக் கம்பிகள் பொருத்தும் அறுவை தேவைப்படலாம்.

இதை நான் காலங்கடந்தே கற்றேன். மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றுத் தேறியிருந்த என் தமக்கையார், "தம்பி, படுத்தால் சுகமாக இருக்கிறது, உட்கார்ந்தால் உயிர் போகிறது" என்றார். முப்பதாண்டுகளுக்கு மேல் பிறருக்குப் பாடம் சொன்ன நான், "முதுமை, அக்கா" என்று சொல்லித் தைலம் வாங்கித் தந்தேன். மூன்று வாரங்கள் கழிந்தன. ஒரு காலை அவர் கால்கள் மரத்துப்போயின. அறுவைக்குப் பின் வலி நீங்கிற்று. நடையோ முழுமையாக மீளவில்லை. இன்றும் கோலூன்றியே நடக்கிறார்.

முதுகுவலி எல்லாம் புற்றன்று, அஞ்ச வேண்டா. ஆனால், முன்பு புற்றுநோய் கண்ட ஒருவர் புதிதாக முதுகு வலிக்கிறது என்றால், எப்போது மிகுகிறது, எப்போது தணிகிறது என்று கேளுங்கள். தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நான் கேளாமல் விட்ட வினாவை நீங்கள் கேட்பீர்களாக.