குடியைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்? ஊரடங்கின்போது பெங்களூரு பார்த்தது

2020 மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு, மதுக்கடைகளும் மூடல். 'நல்லதாப்போச்சு, இனி குடிக்க மாட்டாங்க' என்று பல வீடுகளில் நிம்மதி. ஆனால் பெங்களூரு மருத்துவமனைகளின் பதிவேடுகள் வேறு கதை சொல்கின்றன. குடி நின்றதால் உடல்நிலை மோசமாகி வந்தவர்கள் அதற்கு முன் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 பேர். ஊரடங்குக்குப் பிறகு 8 பேர். நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பங்கேற்ற ஆய்வு அந்த ஆண்டே இதைப் பதிவு செய்தது.

சரக்கு கிடைக்கவில்லை என்றால் தானாக விட்டுவிடுவார்கள் என்றுதானே நாம் நினைக்கிறோம்? பிறகு ஏன் இப்படி?

மூளையில் 'காபா' என்ற ரசாயனம் வேகத்தைக் குறைக்கும், 'குளுட்டமேட்' வேகத்தைக் கூட்டும். மது முதலாவதைத் தூக்கிவிட்டு இரண்டாவதை அமுக்குகிறது. அந்த 'ரிலாக்ஸ்' உணர்வு அப்படித்தான் வருகிறது. தினமும் இது நடந்தால் மூளை ஈடுகட்டப் பழகிவிடும்: பிரேக்கை யாரோ மிதித்துக்கொண்டே இருப்பதால், கூடவே ஆக்சிலரேட்டரையும் அழுத்தி வைத்துக்கொள்ளும். திடீரென மது நின்றால் பிரேக்கில் இருந்த கால் எடுக்கப்படுகிறது, ஆக்சிலரேட்டரில் இருப்பது அப்படியே இருக்கிறது.

கடைசி கிளாஸுக்குப் பின் 6 முதல் 24 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்கு 'டெலிரியம் ட்ரெமன்ஸ்': எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியும். சிகிச்சை இல்லையென்றால் உயிரே போகலாம். அதனால் தினமும் நிறையக் குடிப்பவரிடம் 'நாளையிலிருந்து தொடக்கூடாது, சத்தியம் பண்ணு' என்று கேட்பது, நல்ல எண்ணத்தில் செய்தாலும், ஆபத்தான விஷயம்.

'அதெல்லாம் அவங்களுக்கு. நான் வீக்கெண்ட் மட்டும்தான்' என்கிறீர்களா? இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' கேள்வித்தாளை ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டிய நிலை. ஆரம்பித்தால் நிறுத்த முடிகிறதா, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா, நெருங்கியவர்கள் யாராவது குறைக்கச் சொன்னார்களா என்றெல்லாம் கேட்கும். உங்கள் சம்பளம் என்ன, அப்ரைசலில் என்ன ரேட்டிங் என்று ஒரு கேள்விகூட இல்லை.

2019-ல் வெளியான எய்ம்ஸ் தலைமையிலான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. அதில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவை. மதுவைச் சார்ந்தே வாழும் நிலையில் இருப்பவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். இந்த ஆய்வில் என்னை உறுத்துவது குடிப்பவர்கள் எண்ணிக்கை அல்ல, மீதி 37 பேர்தான்.

சிகிச்சையின் முதல் கட்டம் 'டீடாக்ஸ்'. மூளையை அமைதிப்படுத்தும் மாத்திரைகளைக் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் எனும் வைட்டமின் பி1, ஏனென்றால் அதன் குறைபாடு நினைவாற்றலையே நிரந்தரமாகப் பாதிக்கலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் இது முடிந்துவிடும். 'சரியாகிட்டார்' என்று வீட்டில் நினைப்பதும் இங்கேதான். உண்மையில் வேலை இனிமேல்தான்.

குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. டைசல்ஃபிராம் வேறு ரகம்: அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்ற விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். டைசல்ஃபிராமை அப்படிக் கலந்தால், விஷயம் தெரியாமல் குடிப்பவரின் இதயம் தாங்காமல் போகலாம். நோயாளி சம்மதத்தோடு, பரிசோதனைகளுக்குப் பிறகு கொடுக்க வேண்டிய மருந்து அது.

இதோடு கவுன்சலிங், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள், குடும்பத்துக்கும் ஆலோசனை. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. இடையில் மறுபடி குடித்துவிட்டால்? நீரிழிவு, ரத்த அழுத்தம் போல இதுவும் திரும்பத் திரும்பத் தலைதூக்கும் நோய். எல்லாம் வீண் என்று அர்த்தமில்லை. மருந்தையோ சூழலையோ மாற்ற வேண்டும் என்பதற்கான தகவல் அது.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஓசூர் சாலை நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனி மையம் இருக்கிறது. அரசின் டெலி மானஸ் எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். 2017 மனநலச் சட்டம் மதுப் பழக்கம் சார்ந்த பாதிப்பையும் மனநோய் வரையறைக்குள் வைத்திருக்கிறது. இருந்தாலும் ஆபீஸ் இன்ஷூரன்ஸில் 'விலக்குகள்' பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

டாக்டரிடம் முதல் நாளே மூன்று விஷயங்களை மறைக்காமல் சொல்லுங்கள்: கடைசியாக எப்போது குடித்தீர்கள், தினமும் எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. வீட்டிலிருந்தே மாத்திரை போதுமா, அட்மிட் ஆக வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வது பெரும்பாலும் இதை வைத்துத்தான்.