மடவைக் குஞ்சுக்கும் சூடு ஆகாது

சால்மன் என்றொரு மீன், நேயர்களே. நம் பக்கம் கிடையாது. குளிர்நாட்டு ஓடைகளில் பொரிக்கும் அதன் குஞ்சுகள், தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும்.

நம் திருவள்ளூர் மாவட்டத்து மீன்குஞ்சுகள் வெயிலுக்குப் பழகியவைதான். ஆனாலும் எல்லை உண்டு. மடவையும் வெள்ளை இறாலும் முட்டையிடுவது கடலில். பொடிசுகள் முகத்துவாரம் வழியாகப் பழவேற்காடு ஏரிக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் வந்து, சேற்றோரங்களில் வளர்கின்றன. கோடையில் முதலில் சூடேறுவதும் அந்த முழங்கால் அளவுத் தண்ணீர்தான்.

சூடானால் என்ன? 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். உப்பு கூடினால் இன்னும் குறைவு. ஆக்சிஜன் குறையும் அதே நேரத்தில், குஞ்சின் உடல் வேகமாக இயங்கி அதைக் கூடுதலாகக் கேட்கும். கொடுமை அங்கேதான். முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டாலோ, கடல்நீரும் உள்ளே வராது.

வெயில் மட்டும் காரணமல்ல. கடல்நீரால் குளிரூட்டும் அனல்மின் நிலையங்கள் அந்த நீரைச் சூடாகத்தான் திருப்பி விடுகின்றன. அதனால் கடலோர நீரின் வெப்பம் 7 டிகிரிக்கு மேல் உயரக்கூடாது என்பது புதிய நிலையங்களுக்கு மத்திய அரசு வகுத்த விதி. மே மாதக் கழிமுகத்துக்கு அந்த 7 டிகிரியே அதிகம் என்றுதான் தோன்றுகிறது. எண்ணூர் மீனவர்கள் சுடுதண்ணீரைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிவருகிறார்கள்.

கரையில் அலையாத்தி நின்றால் தண்ணீரில் நிழல் விழும். வேர்களுக்கிடையே குஞ்சுகள் ஒதுங்கும்.