கொழுப்புக் குறைந்த கோப்பியும் கலோரிக் கணக்கும்

கொழும்பிலும் வேறு நகரங்களிலும் உள்ள கோப்பிக் கடைகளின் விலைப்பட்டியலில் ‘கொழுப்புக் குறைந்தது’, ‘கொழுப்பு நீக்கியது’ என்னும் சொற்களை இக்காலத்திற் காணலாம். உடற் பருமனுக்கு அஞ்சுவோரும், நீரிழிவு போன்ற நோய்களின் பொருட்டு உணவைக் கட்டுப்படுத்துவோரும் அச்சொற்களைக் கண்டதும் ஆறுதலடைகின்றனர். கொழுப்புக் குறைந்த பானத்திற் கலோரியும் குறைவாகவே இருக்கும், ஆகவே அதனைத் தாராளமாகப் பருகலாம் என்பது அவர்களது எண்ணம். இவ்வெண்ணத்தில் ஒரு பகுதி உண்மை, மறுபகுதி பெருந்தவறு. இரண்டையும் பிரித்தறிவதற்குச் சிறிது கூட்டற் கணக்கே போதுமானது.

கலோரி என்பது உணவிலிருந்து உடல் பெறக்கூடிய சக்தியின் அளவாகும். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பமே உணவியலிற் பேசப்படும் ஒரு கலோரி. ஒவ்வோர் உணவுச் சத்தும் எவ்வளவு சக்தியைத் தரும் என்பதை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறிஞர் வில்பர் அற்வாற்றர் ஆராய்ந்து வகுத்தார். அவ்வழியே, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியையும், ஒரு கிராம் புரதம் 4 கலோரியையும், சீனி, மா முதலிய காபோவைதரேற்று ஒரு கிராம் 4 கலோரியையும் தருவனவாக இன்றும் கணக்கிடப்படுகின்றது. கொழுப்பு ஏனையவற்றிலும் இருமடங்குக்கு மேற்பட்ட சக்தியைத் தருவதனாலேயே அதனைக் குறைக்கும் எண்ணம் தோன்றிற்று.

பாலும் சீனியும் சேராத வெறுங் கோப்பியில் இரண்டொரு கலோரிக்கு மேல் இல்லை. வெறுந் தேநீரும் அத்தகையதே. ஆகவே கோப்பிக் கடைப் பானங்களின் கலோரி, கோப்பிக் கொட்டையிலிருந்து வருவதன்று. அதனுடன் சேர்க்கப்படுவனவற்றிலிருந்தே வருகின்றது.

முதலிற் பாலை எடுத்துக்கொள்வோம். கொழுப்பு நீக்காத பசுப்பால் 100 மில்லிலீற்றரில் ஏறக்குறைய 3.5 கிராம் கொழுப்பும், 3.5 கிராம் புரதமும், இலற்றோசு என்னும் பாலுக்கு இயல்பான சீனி 5 கிராமும் உண்டு. இவற்றைப் பெருக்கிக் கூட்டினால் சுமார் 65 கலோரி வரும். கொழுப்பு முழுவதையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது 34 கலோரி. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கொழுப்பு உள்ள பாலில் ஏறக்குறைய 48 கலோரி. கொழுப்பை நீக்குவதனாற் பாலின் சக்தி ஏறக்குறைய அரைவாசியாகின்றது என்பது மெய்யே. ஆனால் புரதமும் இலற்றோசும் அப்படியே இருக்கின்றன. பாலிற் சீனி குறைந்துவிட்டது என நீரிழிவு நோயாளர் எவரும் எண்ணுதல் கூடாது.

இனிக் கோப்பைக்கு வருவோம். லாத்தே என்பது சிறிதளவு கடுங் கோப்பியுடன் மிகுதியான சூடான பால் சேர்ந்தது. ஒரு கோப்பையில் 200 மில்லிலீற்றர் பால் இருப்பதாகக் கொண்டால், முழுப்பாலில் 130 கலோரியும், கொழுப்பு நீக்கிய பாலில் 68 கலோரியும் உண்டு. இரண்டுக்கும் வேறுபாடு 62 கலோரி. தேக்கரண்டிச் சீனியை 5 கிராம் எனக் கொண்டால் அதிலே 20 கலோரி இருக்கின்றது. கொழுப்பு நீக்கிய பாலை விரும்பிக் கேட்டு வாங்கிய ஒருவர், அதன் சுவை குறைவென்று மூன்று தேக்கரண்டிச் சீனி சேர்த்தாராயின், அவர் கோப்பையில் 128 கலோரி சேர்ந்துவிடுகின்றது. சீனி சேராத முழுப்பால் லாத்தேக்கும் இதற்கும் கணக்கில் வேறுபாடு இல்லை என்றே கூறலாம். கொழுப்பை விட்டுச் சீனியை ஏற்றுக்கொண்டதே அவர் கண்ட பயன்.

கப்புச்சினோ என்னும் பானத்திலே பாலின் ஒரு பகுதி நுரையாக மேலே நிற்கின்றது. நுரையிற் பெரும்பகுதி காற்று. காற்றுக்குக் கலோரி இல்லை. அதனால் அதே அளவுக் கோப்பையில் லாத்தேயிலும் கப்புச்சினோவிற் பால் குறைவு. 100 மில்லிலீற்றர் முழுப்பால் சேர்ந்த சிறு கப்புச்சினோ ஒன்றில் 65 கலோரியே உண்டு. மேலே கண்ட கொழுப்பு நீக்கிய லாத்தேயிலும் இது சற்றுக் குறைவு. பாலின் வகையைப் போலவே கோப்பையின் அளவும் கணக்கை மாற்றும் என்பதற்கு இது சான்றாகும். பாலை நுரைக்கச் செய்வது அதன் புரதமாதலால், கொழுப்பு நீக்கிய பாலும் நன்றாகவே நுரைக்கும். எனவே நுரையைப் பார்த்துப் பாலின் வகையை அறிய முடியாது.

பெருங் கோப்பைகளிலேதான் ஏமாற்றம் மிகுதி. 350 மில்லிலீற்றர் கொழுப்பு நீக்கிய பாலில் 119 கலோரி உண்டு. வாசனைக்காக ஊற்றும் பாகில் 20 கிராம் சீனி இருந்தால் 80 கலோரி கூடும். அதன்மேல் அடித்த பாலாடை 30 கிராம் இட்டால், அதன் மூன்றிலொரு பங்கு கொழுப்பாதலால், மேலும் 100 கலோரி அளவு சேரும். மொத்தம் 300 கலோரி. ‘கொழுப்பு நீக்கிய பால்’ என்ற பெயர் அதற்குப் பொருந்தும். ஆயினும் அது இரண்டு முழுப்பால் லாத்தேயிலும் மிகுந்த சக்தி கொண்டது. பனிக்கட்டியுடன் அரைத்துத் தரும் குளிர்ந்த பானங்களும் இத்தகையனவே. குளிர்ச்சி நாவின் இனிப்புணர்வை மங்கச் செய்வதால் அவற்றிற்குச் சீனி கூடுதலாகவே வேண்டியிருக்கின்றது. 300 மில்லிலீற்றர்ப் பானத்திற் 40 கிராம் சீனி கலந்தால் சீனியால் மட்டும் 160 கலோரி வந்துவிடும்.

இலங்கையில் அடைத்து விற்கப்படும் இனிப்புப் பானங்களுக்கு 2016 ஆம் ஆண்டில் நிறக்குறி முறை கொண்டுவரப்பட்டது. 100 மில்லிலீற்றரிற் சீனி 11 கிராமுக்கு மேற்பட்டாற் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தாற் பச்சை, இடைப்பட்டதற்குச் செம்மஞ்சள். மேற்சொன்ன குளிர்ந்த பானத்தைப் போத்தலில் அடைத்தால் அது சிவப்புக் குறியைப் பெற்றிருக்கும். கண்முன்னே கலந்து தரும் கோப்பைக்கு அத்தகைய குறி இல்லாமையால், பருகுபவரே கணக்குப் பார்க்க வேண்டியவராகின்றார்.

இக்கணக்கு கோப்பிக் கடையோடு முடிவதன்று. தெருவோரத் தேநீர்க் கடையில் ரின்பால் விட்டுக் கலக்கும் தேநீரை நோக்குக. 40 கிராம் ரின்பாலில் ஏறக்குறைய 130 கலோரி உண்டு. அதிற் கொழுப்பு மூன்றரைக் கிராமளவே. சீனியோ இலற்றோசும் சேர்த்து 22 கிராம் வரை இருக்கும். கொழுப்புக்கு அஞ்சிப் பால் முற்றாக விட்டு, வெறுந் தேநீருக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனியிட்டு நாளுக்கு ஐந்து முறை பருகுவோரும் உளர். அவர்கள் தேநீரில் மட்டும் 50 கிராம் சீனியை, அதாவது 200 கலோரியை, உட்கொள்கின்றனர். உணவிற் சேர்க்கப்படும் சீனியின் சக்தி நாளாந்தச் சக்தியின் பத்திலொரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2015 இல் அறிவுறுத்தியது. நாளுக்கு 2000 கலோரி கொள்பவருக்கு அவ்வெல்லை 50 கிராமே. சோற்றுக்கும் பலகாரத்துக்கும் முன்பே தேநீர்க் கோப்பை அதனை எட்டிவிடுகின்றது.

இதனாற் கொழுப்பு நீக்கிய பால் பயனற்றதென்று கொள்ளலாகாது. பாற்கொழுப்பிற் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பாதலால், குருதியிற் கொலஸ்திரோல் மிகுந்தவர்களுக்கு அதனைக் குறைப்பது நன்று. அதே வேளையில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால் ஏற்றதன்று. வளர்ச்சிக்கு வேண்டிய சக்தியும், கொழுப்பிற் கரைந்திருக்கும் விற்றமின் ஏயும் அதனுடன் நீங்கிவிடும். மெலிந்த முதியோருக்கும் கலோரிக் குறைவு ஒரு சிறப்பாகாது.

ஆகவே கோப்பையை வாங்கும்போது, அதிற் பால் எவ்வளவு, எவ்வகைப் பால், சீனியும் பாகும் எத்தனை கரண்டி என்பவற்றை வினவி அறிதல் வேண்டும். சிறிய கோப்பையைத் தெரிந்து, பாகையும் பாலாடையையும் தவிர்த்து, வாரந்தோறும் அரைக்கரண்டியாகச் சீனியைக் குறைத்து வந்தால், நாவும் அதற்குப் பழகிவிடும். அப்பொழுது முழுப்பாலிட்ட கோப்பியையும் அளவறிந்து பருகுவதில் அச்சமில்லை.